பத்தாம் நாள், படுவான்கரையில்

தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. ஒரு பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தலையைத் துணியால் மூடியிருந்தால் நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன். ஊசி ஏறிய தடம் புதிதா, பழையதா? புதிதென்றால் மனம் எண்ணத் தொடங்குகிறது. மூன்றாம் நாளாக இருக்குமா, ஏழாம் நாளா, பத்தாம் நாளா? இப்படி எண்ணிக்கொண்டே இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டதும் உண்டு.

புற்றுநோய் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மருந்து கலப்பதைப் பற்றியோ, அதை ஏற்றும் வேகத்தைப் பற்றியோ நான் சொல்ல வேண்டியதில்லை. அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அதில் பிழை என்னுடையது.

எங்கள் வார்டில் ஒரு வைத்தியர் இருந்தார். நோயாளியிடம் அவர் சுகம் விசாரிக்கமாட்டார். கட்டிலடிக்கு வந்ததும், "இண்டைக்கு எத்தனையாம் நாள்?" என்பார். மருந்து ஏற்றிய நாள் ஒன்று. அதிலிருந்து எண்ண வேண்டும். "சேர் பேரை மறந்திருவார், நாளை மறக்கமாட்டார்" என்று நோயாளிகள் சிரிப்பார்கள். அவர் எண்ணியதற்குக் காரணம் இருந்தது. முதல் நான்கு நாட்களில் சத்தி என்கிற வாந்தி, பசியின்மை, மணம் பிடிக்காமை. அது நின்றதும் வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில், வெளியே ஒன்றும் தெரியாமல், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் விழுந்துவிடுகின்றன. சாதாரண ஆளுக்கு இரண்டு நாளில் போகும் காய்ச்சல் அந்த நாட்களில் சில மணித்தியாலத்தில் ஆளை முடித்துவிடும். நோயாளி பயப்படுவது சத்திக்கு. நாங்கள் பயப்பட வேண்டியது அதற்குப் பிறகு வரும் அமைதிக்கு.

நான் சொல்ல வந்த பிழைக்கு முன்னும் ஒரு முறை பட்டிருந்தேன். ஓட்டமாவடியில் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர் நோன்பு மாதத்தில் மருந்து ஏற்றிப் போனார். மூன்று வேளைக்குத் தந்த சத்திக் குளிசைகளை நோன்பு திறந்த பிறகு ஒன்றாக விழுங்கியிருக்கிறார். நாலாம் நாள் அவரைத் தூக்கி வந்தார்கள். நாக்கு வறண்டு பலகை மாதிரி இருந்தது. "நோன்பு எண்டு ஏன் சொல்லல்ல?" என்றேன். "நீங்க கேக்கல்லயே மிஸ்" என்றார். அன்றிலிருந்து கேட்கப் பழகினேன். பாடம் அதோடு முடிந்தது என்றும் நினைத்துக்கொண்டேன்.

கமலேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. வலது மார்பில் சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாவது முறை மருந்துக்கு வந்திருந்தார். வலது கையில் ஊசி போடக்கூடாது, எல்லாம் இடது கையில்தான். ஊர் படுவான்கரையில், வாவிக்கு மேற்குப் பக்கம். கணவர் தங்கராசா வட்டையில் நெல் செய்பவர். இரத்தத்தில் அணுக்கள் ஏறாததால் மூன்றாவது முறை ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. ஒரு வியாழக்கிழமை பரிசோதனை அறிக்கை வந்தது, அணுக்கள் ஏறியிருந்தன. இனி எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம்.

"நாளைக்கே ஏத்துங்க மிஸ்" என்றார் அவர். "வாற செவ்வாய் அம்மன் கோயில் கதவு திறக்கிற. அண்டைக்கு நேர்த்திக்குக் கையில காப்புக் கட்டுவன். மற்றத் திங்கள் குளிர்த்தி, கடைசிச் சடங்கு. அது முடியுமட்டும் ஊர் எல்லை தாண்டேலாது. நாளைக்கு ஏத்தினா சத்தி செவ்வாய்க்கு முந்தி நிண்டிரும்தானே?"

நின்றுவிடும். அதை நானும் எண்ணினேன். வெள்ளிக்கிழமை ஒன்று, செவ்வாய் ஐந்து. குளிர்த்தித் திங்கள் பதினொன்று. அணுக்கள் தரைமட்டத்தில் இருக்கும் நாட்களில் இவர் கோயில் சனத்துக்கு நடுவில், ஒருவேளைச் சாப்பாட்டோடு, ஊரை விட்டு வெளியே வர முடியாமல் நிற்பார். அதுவும் எனக்குத் தெரிந்தது. சடங்கு முடிந்த பிறகு ஏற்றினால் இன்னும் பத்து நாள் பிந்தும். அவர் கெஞ்சினார். முதல் இரண்டு முறையும் தான் தாங்கியது பாதி மருந்தால், பாதி அம்மாளால் என்பது அவர் கணக்கு. நான் பெரியகல்லாற்று மெதடிஸ்தக் கிறிஸ்தவக் குடும்பம். அம்மன் கோயில் விசயத்தில் குறுக்கே கேள்வி கேட்கக் கூச்சப்பட்டேன்.

வைத்தியர் பைலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ரெண்டு கிழமைக்கு எங்கயும் பயணம் இருக்கா?"

"இல்ல சேர். ஊரிலதான் நிப்பா."

நான் சொன்னது உண்மை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

மருந்து ஏற்றிய பிறகு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. பிற்பகல் இரண்டு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

"மிஸ், நான் தங்கராசா. கமலத்திட புருசன். ஒண்டுமில்ல, சும்மாதான் எடுத்தன்."

ஒன்றுமில்லை என்று தொடங்கும் அழைப்பை எழுந்து நின்று கேளுங்கள். "காய்ச்சல் இரிக்கா?"

"இல்ல மிஸ். தொண்ணூத்தொம்பதுதான் காட்டுது."

"பனடோல் குடுத்தீங்களா?"

"ஓம், பன்னிரண்டு மணிக்கு ரெண்டு."

"குடுக்க முந்தி எவ்வளவு?"

"நூத்திரெண்டு."

"அதச் சொல்லல்லயே!"

"நீங்க இப்ப இரிக்கா எண்டுதானே கேட்டீங்க?"

அவரை ஏசுவதற்கு எனக்குத் தகுதி இருக்கவில்லை. பத்து நாளுக்கு முன் வைத்தியரிடம் நானும் இதே மாதிரித்தான் பதில் சொல்லியிருந்தேன்.

வைத்தியருக்கு எடுத்தேன். கமலேஸ்வரியின் பெயரைச் சொன்னதும் வழக்கமான கேள்வி வந்தது.

"எத்தனையாம் நாள்?"

"பத்து."

"எங்க நிக்கிறா?"

"கோயில்ல. காப்புக் கட்டியிருக்கிறா."

"அண்டைக்கு இத நீர் சொல்லல்ல."

"இல்ல சேர்."

"சரி, அது பிறகு. இஞ்ச கொண்டு வராதயும், தூரம். வாவிக்கு இந்தப் பக்கம் ஆகக் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நான் கதைக்கிறன். கிருமி மருந்து ஆயத்தமா இருக்கும். முதல் ஊசி எங்க கெதியில ஏறுமோ அங்க ஏறட்டும்."

இதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். பைல் எங்கே இருக்கிறதோ அங்கே நோயாளியைக் கொண்டு ஓடுவதுதான் எங்களுக்கு முதலில் தோன்றும். காய்ச்சல் வந்த பத்தாம் நாளுக்குப் பைல் தேவையில்லை, ஊசிதான் தேவை.

ஆட்டோவில் துறைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் பாதை என்று சொல்வது சாலையை அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் இரும்பு மிதவை அது. அன்று கடைசிப் பாதை ஆறு மணிக்கு. அக்கரையில் தங்கராசா மோட்டார் சைக்கிளோடு நின்றார். கோயிலடியில் இறங்கியபோது மூன்று ஐம்பது.

பந்தலுக்குள் ஏழு பெண்கள், ஏழு உரல்கள். குளிர்த்திக்கு நேர்ந்த நெல்லைக் குற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரும் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டியிருந்தார்கள். அம்மனுக்கான அரிசியில் எச்சில் படக்கூடாது. ஆறு உலக்கைகள் எழுந்து விழுந்தன. ஏழாவது உலக்கை உரலுக்குள் சாய்ந்து நின்றது. அதைப் பிடித்தபடி கமலேஸ்வரி நிலத்தில் இருந்தார்.

அவருடைய மச்சாள், தங்கராசாவின் தங்கை, வாய்த்துணியை இறக்கினார். "வாங்க மிஸ். உலக்கை பிடிக்க வந்தீங்களா? ஊசி மாதிரி லேசா இரிக்காதுகா."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் உள்ளே கால் வைத்தேன்.

"நில்லுங்க மிஸ், நில்லுங்க. மத்தியானம் என்ன கறி?"

ஒரு நொடி யோசித்தேன். பருப்பு என்று சொல்லியிருக்கலாம். யாரும் என் சட்டியைத் திறந்து பார்க்கப் போவதில்லை.

"மீன்" என்றேன். "கொடுவா."

"கொடுவாவா! ஒரு கிழமையா மரக்கறி தின்னுற எங்களுக்கு முன்னால வந்து கொடுவா எண்டிறீங்க!"

மீன் தின்றவள் உள்ளே போகக்கூடாது. பந்தலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டேன். தெர்மோமீற்றரைத் தங்கராசா மஞ்சள் தண்ணீரில் கழுவி, வாழையிலையில் வைத்து, காப்புக் கட்டியிருந்த ஒரு பெண் மூலம் உள்ளே அனுப்பினார். கமக்கட்டில் வைத்தார்கள். பனடோல் போட்டு நான்கு மணித்தியாலமாகியும் நூற்றொன்று தசம் ஆறு. வாய்த்துணியை அவிழ்க்கச் சொன்னேன். உதட்டின் உட்புறம் முழுக்க வெள்ளைப் புண். எத்தனை நாளாக என்று கேட்டேன். நான்கு நாளாம். ஆறு பெண்கள் ஆறு நாளாகப் பக்கத்தில் இருந்தும் ஒருவரும் கண்டதில்லை, வாய் கட்டியிருந்தது. விரதம் என்பதால் அவர் சாப்பிடாததையும் யாரும் கவனிக்கவில்லை. நேர்த்தியின் ஒவ்வொரு ஒழுங்கும் ஒவ்வொரு அறிகுறியை மறைத்திருந்தது. இத்தனையும் கூடிவரும் கிழமையைக் குறித்துக் கொடுத்தவள் நான்.

"கமலேஸ்வரி, இப்பவே வெளிக்கிடோணும். அக்கரையில ஊசி ஆயத்தமா இரிக்கி."

"இடது கையில காப்பு மிஸ்." கையைத் தூக்கிக் காட்டினார். "எல்லை தாண்டினா செத்துப்போவன்."

தாண்டாவிட்டால்தான் செத்துப்போவீர்கள் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். பயத்தோடு பயத்தை மோதவிட்டால் பழைய பயம்தான் வெல்லும். அவருடையது என்னுடையதைவிடப் பழையது. எனவே நடந்ததைச் சொன்னேன்.

"நாளைக் குறிச்சது நான். இந்தக் கிழமை உங்கட ரத்தத்தில காய்ச்சலோட சண்டை பிடிக்க ஆளில்ல. அது எனக்கு முந்தியே தெரியும். கோயில் விசயத்த டொக்டரிட்ட நான் சொல்லல்ல. பிழை என்ட."

மச்சாள் உலக்கையை நிறுத்தினார். "அப்ப நீங்க பிழையா மருந்து ஏத்துவீங்க, நேர்த்திய முறிச்ச பழி மட்டும் இவளுக்கா?"

நேரம் நான்கு ஐந்து.

சத்தம் கேட்டுக் கட்டாடியார் வந்தார். கோயிலில் பூசை செய்பவர், ஐம்பது வயதிருக்கும், மற்ற நாட்களில் வட்டையில் வேலை செய்யும் ஆள். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு என்னிடம் பேசாமல் கமலேஸ்வரியிடம் பேசினார்.

"காப்போட எல்லை தாண்டேலாது. சரி. காப்ப அவுத்திட்டுத் தாண்டலாம்தானே புள்ள?"

"அவுக்கலாமா?" என்று கேட்டது நான்.

"செத்த வீட்டுத் துடக்கு வந்தா அவுக்கிறல்லயா? எடுத்த கடமை முடியோணும், அவ்வளவுதான்." உரலை எட்டிப் பார்த்தார். "இவட பங்கில எவ்வளவு மிச்சம்?"

"ஒரு மரைக்கால்" என்றார் மச்சாள்.

"நீங்க குத்துங்க. உலக்கையில இவட கை இரிந்தாப் போதும். முடிஞ்ச உடன நான் அவுக்கன்."

முடிவு என்னிடம் வந்தது. ஒரு மரைக்கால் நெல்லுக்கு இருபது நிமிடம் போகும். காய்ச்சல் கண்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் ஊசி என்று நான்தான் உங்களுக்கு முன் வந்தவர்களுக்கெல்லாம் படிப்பித்தேன். அந்த மணித்தியாலம் எப்போதோ கடந்துவிட்டது. தங்கராசா என்னைப் பார்த்தார். தூக்கிக்கொண்டு போவோம் என்று நான் ஒரு சொல் சொன்னால் தூக்கியிருப்பார். அப்படித் தூக்கிப்போனால் இவர் ஆஸ்பத்திரியில் காப்புக் கட்டிய கையில் ஊசி குத்த விடுவாரா? குத்தினாலும் இழுத்து எறியமாட்டாரா?

"குத்துங்க" என்றேன்.

அந்த இருபது நிமிடம் சரியா என்று இன்றுவரை நான் முடிவு செய்யவில்லை. அவர் பிழைத்ததால் அது சரியாகிவிடாது. நீங்களும் அப்படி நினைக்காதீர்கள்.

மூன்று பேர் மாறி மாறி அந்த ஒரே உரலில் குற்றினார்கள். கமலேஸ்வரியின் வலது கை உலக்கைத் தண்டில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. "கைய எடுத்திராதகா, எடுத்தா நாங்க குத்தினது கணக்கில வராது" என்று ஒரு பெண் பகிடி விட்டார், ஆனால் சிரிக்கவில்லை. நான் கயிற்றுக்கு வெளியே அங்குமிங்கும் நடந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன், வாவியைப் பார்த்தேன், திரும்ப மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் மூச்சு விடும் வேகத்தைத் தூரத்திலிருந்தே எண்ணினேன். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

பதினெட்டு நிமிடத்தில் முடித்தார்கள். கட்டாடியார் காப்பை அவிழ்த்தார். அதை எங்கே வைப்பது என்று அவர் பார்க்கும் முன்னரே மச்சாள் தன் இடது கையை நீட்டிவிட்டார். அதில் ஏற்கெனவே ஒரு காப்பு இருந்தது.

"இவட காப்பையும் எனக்குக் கட்டுங்க. எல்லை தாண்டாம ரெண்டு பேருக்கும் சேத்து நான் நிக்கன். நீ போ மச்சாள்."

கமலேஸ்வரி கயிற்றைத் தாண்டி வந்தார். அப்போதுதான் என்னால் அவரைத் தொட முடிந்தது. தோள் கொதித்தது. மோட்டார் சைக்கிளில் ஏற்றும்போது கட்டாடியார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஸ், இதப் போன கிழமை வந்து கேட்டிருந்தா அப்பவே வேற ஆளுக்குக் கட்டியிருப்பன். ஏன் கேக்கல்ல?"

கோபமில்லாமல்தான் கேட்டார். மருந்தின் நாளை மாற்றலாம், கோயிலின் ஒழுங்கை மாற்ற முடியாது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். உண்மையில் விட்டுக்கொடுக்கக்கூடியது கோயில்தான். இரத்தம் யாருக்கும் விட்டுக்கொடுக்காது. கோயிலைப் பற்றித் தெரியாததால் அதற்கு மரியாதை செய்வதாக நினைத்து, கேட்காமல் இருந்துவிட்டேன்.

துறைக்கு வந்தபோது பாதை அக்கரையில் நின்றது. தங்கராசா பாதைக்காரருக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினார். அது வந்து சேரப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் கமலேஸ்வரி குளிரில் உதறிக்கொண்டிருந்தார், வெயில் இன்னும் தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தது. வலது கையால் இடது மணிக்கட்டை, காப்பு இருந்த இடத்தை, பொத்திப் பிடித்திருந்தார்.

பாதி தூரம் போனதும் கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "மிஸ், தாண்டிட்டமா?"

"எல்லை எது?" என்று தங்கராசாவிடம் கேட்டேன்.

"நடுத் தண்ணி."

"தாண்டிட்டம்" என்றேன்.

மெதுவாகக் கண்ணைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்தார். "இன்னும் உயிரோடதான் இரிக்கன் போல" என்றார்.

ஐந்து பத்துக்கு அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் முதல் ஊசி ஏறியது. அங்கிருந்த தாதி வாசலிலேயே காத்திருந்தார். இரத்த அழுத்தம் விழுந்திருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அங்கிருந்த வைத்தியர் சொன்னார். அவர் அதைச் சொன்னது தங்கராசாவிடம், என்னிடமல்ல. அடுத்த நாள் எங்கள் வார்டுக்கு மாற்றினார்கள். மூன்று நாள் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான்காம் நாள் கஞ்சி கேட்டார்.

வைத்தியர் "பிறகு" என்றதை மறக்கவில்லை. வார்டுக் கொப்பியை என் முன்னால் வைத்தார். "அண்டைக்கு நான் கேட்ட கேள்விய எழுதும். நீர் சொன்ன பதில எழுதும். சொல்லாமல் விட்டத அதுக்குக் கீழ எழுதும்." எழுதினேன். மூன்றாவது வரிதான் நீளமாக இருந்தது. அவர் வாசித்துவிட்டு, தன்னுடைய கேள்வியின் கீழ் ஒரு கோடு இழுத்தார். "இதுவும் காணாது. பயணம் இருக்கா எண்டு கேட்டதே பிழை. ரெண்டு கிழமைக்கு என்னென்ன இருக்கு எண்டு கேட்டிருக்கோணும்" என்றார். பிழையில் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

அதன் பிறகு மருந்து ஏற்றும் முன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் ஒருவரையும் விட்டதில்லை. பதிலை அவர்கள் முன்னாலேயே அந்தக் கொப்பியில் எழுதினேன். வாழைச்சேனை மீனவரிடம் கடலுக்குப் போகும் நாளைக் கேட்டேன். வயல்காரரிடம் அறுவடையைக் கேட்டேன். எங்கள் சபை ஆட்களிடம் கலியாணத்தைக் கேட்டேன். தெரியாத வழக்கம் என்றால் அது தெரிந்தவரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு எடுத்தேன். கட்டாடியாரோடு இரண்டு முறை கதைத்திருக்கிறேன். இரண்டு முறையும் தொடக்கத்தில், "இண்டைக்கு என்ன கறி மிஸ்?" என்றுதான் கேட்டார்.

நான்காவது முறை மருந்துக்குக் கமலேஸ்வரி வந்தார். நரம்பு தேடும்போது நான் அவர் மணிக்கட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்திருக்க வேண்டும்.

"என்ன மிஸ், காப்பத் தேடுறீங்களா? மச்சாள் அத இன்னும் பேசிக்காட்டுறா. ரெண்டு காப்போட நிண்ட ஒரே ஆள் தான்தானாம்." பிறகு தலையணைக்கடியிலிருந்து ஒரு நாட்காட்டித் தாளை எடுத்தார். அதில் பேனையால் எண்கள் போட்டிருந்தன. இன்று ஒன்று. "பதினோராம் நாள் மகள்ட பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் போட்டி. அவ ஓட்டத்தில நிக்கா. போகலாமா?"

"இல்ல" என்றேன்.

தாளை நான்காக மடித்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"சரி" என்றார். "ஆனா நான் முந்தியே கேட்டன் எண்டு அந்தக் கொப்பியில எழுதுங்க."

எழுதினேன்.